காடே அலங்கரித்த பிறகு

கியோட்டோ ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில் ஏறினால், பேருந்து நகரத்தைக் கடந்து வடமேற்கு மலைகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் தகாவோவில் இறக்கிவிடும். நவம்பர் நடுவில் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான் போகிறார்கள்: சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்க்க. சாலையிலிருந்து கியோதகி ஆற்றுக்கு இறங்கி, பாலத்தைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய 400 கற்படிகள் ஏறினால் ஜிங்கோ-ஜி கோயில். நெட்டுக்குத்தாக நிற்கும் சுகி என்ற ஊசியிலை மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே மேப்பிள்கள் திட்டுத்திட்டாகச் சிவந்து நிற்கும். படியோரம் தேநீர்க் கடைகள், சிவப்புக் கம்பளம் விரித்த தாழ்ந்த பெஞ்சுகள். ஆற்றங்கரை உணவகங்களில் மரத்தடியிலேயே இருக்கைகள். அரக்குப் பூசிய பெட்டியில் சோறும் மீனும் காளானும் அடுக்கி வருகின்றன. அந்த அடுக்கின் ஓரத்தில் ஒரே ஒரு மேப்பிள் இலை. தலைக்குமேல் இலைகள் எண்ணி மாளாமல் தொங்கும்போது, சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் இலையைக் கொண்டுவந்து வைப்பதற்கு என்ன அவசியம்?

இது அற்பமான கேள்வி இல்லை. இலையுதிர்காலக் காட்டுக்குள் விருந்துக்கு இடம் அமைத்து, அதை அழகுபடுத்திச் சாப்பிடும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. ஜப்பானில் அதற்கு எழுத்திலும் ஓவியத்திலும் பல நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. தகாவோ, கியோட்டோ நகரின் கித்தானோ, ஒசாகாவை ஒட்டிய மினோ, ஷிகோகு தீவின் கமிகாட்சு என்று அந்தச் சான்றுகள் கிடக்கும் ஊர்களின் வழியே போனால் ஒரு விடை தெளிவாகிறது. காட்டில் போடும் பந்திக்கு ஒரே ஒரு வேலைதான்: வந்தவர்களை உட்கார வைத்து, பசியாற்றி, கைகளுக்குச் சூடு கொடுத்து, மரத்தைப் பார்க்கும் நேரத்தை நீட்டித் தருவது. அந்த வேலைக்கு உதவுகிற அலங்காரம் வேண்டியது. மரத்தோடு போட்டி போடுகிற அலங்காரம் வேண்டாதது. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்தப் பிரிவினை, ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்க்கும்போது அவ்வளவு எளிதாக இல்லை.

தகாவோவையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். கானோ ஹிதேயோரி என்ற ஓவியர் 16ஆம் நூற்றாண்டில் இதே பள்ளத்தாக்கை ஆறு பலகை கொண்ட மடிப்புத் திரை ஒன்றில் வரைந்தார். இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் திரை ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. மேப்பிள் பார்க்க வந்தவர்கள் அதில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பெண்கள் வட்டமாக அமர்ந்து உண்கிறார்கள். குழந்தையோடு வந்த தாயும் அவர்களில் இருக்கிறாள். இன்னொரு பக்கம் ஆண்கள் சாக்கே என்ற அரிசி மதுவைக் குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். தேநீர் விற்பவரும் வந்துவிட்டார். தொலைவில் கோயில், ஆறு, பாலம். அந்தக் காலத்து ஓவியத்தில் சாதாரண மக்களின் பொழுதுபோக்கு இவ்வளவு பெரிதாக இடம்பிடித்ததே அரிது. என் வாதத்துக்கு முக்கியமானது வேறு ஒன்று. ஓவியத்தில் எவரும் மேப்பிளை அண்ணாந்து பார்த்தபடி நிற்கவில்லை. மரத்தடியில் அவர்கள் தங்களுக்கு ஓர் இடம் வகுத்துக்கொண்டு, முகத்தோடு முகம் பார்த்து, தின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். காடு அவர்களைச் சுற்றி நிற்கிறது. பார்ப்பதற்கென்றே போனவர்களை ஓவியர் இப்படித்தான் காட்டத் தகுந்தவர்களாக நினைத்தார்.

இங்கே முதல் மறுப்பு எழும். காடு தன்னைத்தானே அலங்கரித்து நிற்கிறது; அதைப் பார்க்கக் கண் போதும்; பாயும் பெட்டியும் குவளையும் எதற்கு, அவை கவனத்தைச் சிதறடிக்கத்தானே செய்யும்? இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இலை சிவப்பது எப்படி என்பதை நினைத்துப் பார்த்தால் மறுப்பின் பலம் குறைகிறது. இரவுக் குளிர் எட்டு டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கத் தொடங்கும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. பச்சைக்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. கிங்கோ மரத்தில் கதை அத்தோடு முடிகிறது. மேப்பிளில் இலைக்குள் தங்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. நல்ல வெயில் பட்ட கிளை அதிகம் சிவக்கிறது, நிழலில் இருந்த கிளை ஆரஞ்சோடு நின்றுவிடுகிறது. இலை மெல்லியது, வெளிச்சத்தைக் கடத்துவது. சூரியன் பின்னால் இருந்தால் தீப்பற்றியதைப்போல ஒளிர்கிற கிளை, மேகம் மறைத்த நொடியில் செங்கல் நிறமாகிவிடும். ஆகவே ஒரு மேப்பிளின் நிறம் ஒரு நிறம் அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்கிற பல நிறங்கள். படியேறிக்கொண்டே பார்ப்பவருக்கு அவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். மற்றவற்றைப் பார்க்க ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். பத்து டிகிரிக் குளிரில் வெறுங்கையோடு ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கண் போதும் என்கிறவர்கள் உடம்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சூடான தேநீர்க் கிண்ணம் ஒன்று கையில் இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் முழுதாகவே கிடைக்கிறது.

காட்டில் சூடு தேடிய கதை ஒன்று ஹெய்க்கே மோனோகதாரி என்ற போர்க்காவியத்தில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பேரரசர் தகாகுரா சிறுவனாக இருந்தபோது மேப்பிள்மீது அளவுகடந்த பிரியம் கொண்டு, ஒரு குன்று முழுவதும் அவற்றை நடவைத்து ரசித்துவந்தார். ஓர் இரவு பெருங்காற்றில் இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. விடிந்ததும் வந்த பணியாட்கள் இலைகளைக் கூட்டிக் குவித்து, குளிருக்கு இதமாக அதிலேயே நெருப்பு மூட்டி, சாக்கேயைச் சூடாக்கிக் குடித்துவிட்டார்கள். மரங்களின் பொறுப்பாளருக்கு உயிரே போனதுபோல் ஆனது. சிறுவனோ கோபப்படவில்லை. சீனத்தின் தாங் காலக் கவிஞர் போ ஜூயி, காட்டில் சிவந்த இலைகளை எரித்து மது சூடாக்குவதைப் பாடியிருக்கிறார். அந்தக் கவிதையின் உள்ளத்தை இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று வியந்தாராம். காவியம் இதை அரசரின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எனக்கு அந்தப் பணியாட்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். அவர்கள் கவிதை படித்தவர்கள் அல்லர். கையில் துடைப்பமும் உடம்பில் குளிரும் இருந்தவர்கள். அந்த இடத்தில் கிடந்ததை எடுத்து, அந்த இடத்திலேயே பயன்படுத்தி, சாம்பலை அங்கேயே விட்டுப் போனார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்தது சாக்கே மட்டும். காட்டுப் பந்திக்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை அரண்மனைக்காரர் எவரும் எழுதியதாக எனக்குப் படவில்லை.

அரண்மனைக்காரர்கள் அமைத்த பந்திக்கும் சான்று இருக்கிறது. தகாவோவிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் வழியில், வடமேற்கு மூலையில், கித்தானோ தென்மாங்கு கோயில். 1587ஆம் ஆண்டு, பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதம் முதல் நாள், இன்றைய கணக்கில் நவம்பர் தொடக்கம், ஆட்சியாளர் தொயோதொமி ஹிதேயோஷி இந்தக் கோயிலைச் சுற்றியிருந்த பைன் தோப்பில் பெரும் தேநீர் விழா நடத்தினார். கியூஷூ தீவை வென்று திரும்பிய ஆண்டு அது. விழாவுக்கு முன்பே அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. போர்வீரர், நகரத்தார், குடியானவர் யாராக இருந்தாலும் வரலாம். ஒரு கெண்டி, ஒரு வாளி, ஒரு கிண்ணம் இருந்தால் போதும். தேயிலை இல்லாவிட்டால் வறுத்த அரிசி மாவைக் கரைத்துக் கொடுக்கலாம். ஆளுக்கு இரண்டு பாய் அளவு இடம், நல்ல பாய் இல்லாதவர் கந்தல் பாயோ வைக்கோலோ விரிக்கலாம் என்று அந்த அறிவிப்பு சொன்னது. தோப்பு முழுவதும் எண்ணூறு இருக்கைகள் அமைந்தன என்று ஒரு கணக்கு இருக்கிறது. சென் நோ ரிக்கியூ உள்ளிட்ட பெரும் தேநீர் ஆசான்கள் வந்திருந்தார்கள். ஹிதேயோஷி தம் புகழ்பெற்ற பொன் தேநீரறையைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே பொருத்திவைத்தார். சுவர், கூரை, பாத்திரம் எல்லாம் பொன். அதே தோப்பில் ஹெச்சிகான் என்ற எளிய தேநீர்க்காரர் ஒருவர் பெரிய சிவப்புக் குடையை நட்டு, சுற்றிலும் நாணல் தட்டி வைத்து, அதன் கீழ் தேநீர் கலக்கினார். ஹிதேயோஷி அதைப் பார்த்து மகிழ்ந்து அவருக்கு வரிவிலக்கு அளித்ததாகச் சொல்வார்கள்.

அந்தப் பொன்னறை இன்று இல்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலத்தில் செய்த பிரதிகள். குடை இருக்கிறது. ஜப்பானில் இன்று எங்கே வெளியில் தேநீர் விருந்து நடந்தாலும் ஒரு பெரிய சிவப்புக் குடை நிற்கிறது. தகாவோவின் தேநீர்க் கடையிலும் நிற்கிறது. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த முடிவு நியாயமாகவே இருக்கிறது. பொன்னறைக்குள் நுழைந்தவர் தோப்பிலிருந்து வெளியேறிவிடுகிறார். சுவர் அவருக்குப் பைனை மறைத்துவிடுகிறது. குடையின் கீழ் உட்கார்ந்தவருக்கு மேலேயிருந்து வரும் வெயிலும் விழும் சருகும் மட்டும்தான் தடுக்கப்படுகின்றன. நாலு பக்கமும் தோப்பு அப்படியே இருக்கிறது. இரண்டும் அலங்காரம்தான், இரண்டும் கண்ணைக் கவருபவைதான். ஒன்று இடத்தை மூடுகிறது, மற்றது இடத்தை அடையாளம் காட்டுகிறது. பைன் பச்சைக்கு நடுவே சிவப்புக் குடை தொலைவிலிருந்தே உட்காருமிடத்தைச் சொல்லிவிடும். அதே 1587ஆம் ஆண்டு கோடையில், கியூஷூ போர் முடிந்த கையோடு, ஹக்கோசாகியின் கடலோரப் பைன் தோப்பில் ரிக்கியூ ஒரு பைன் கிளையிலேயே கெண்டியைக் கட்டித் தொங்கவிட்டு, உதிர்ந்த பைன் ஊசிகளைக் கூட்டி எரித்துத் தேநீர் தயாரித்ததாகவும் ஒரு குறிப்பு உண்டு. அங்கே மரமே அடுப்புக் கொம்பாகிவிட்டது. அரண்மனைப் பணியாட்கள் செய்ததையே நாட்டின் தலைசிறந்த தேநீர் ஆசானும் செய்திருக்கிறார்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்பது இரண்டாவது மறுப்பு. கித்தானோவைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. வராதவர்கள் இனிமேல் அரிசி மாவுகூடக் கரைக்கக் கூடாது என்று அதே பலகை மிரட்டியது. எல்லோருக்கும் திறந்த அழைப்பு என்பது ஓர் ஆட்சியாளரின் பலத்தைக் காட்டும் வழியாகவும் இருந்தது. பத்து நாள் நடக்க வேண்டிய விழா ஒரே நாளில் நின்றுபோனதும் அவருடைய விருப்பப்படிதான். ஆனால் அழைப்பை எழுதியவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: தோப்பில் தேநீர் என்றால் கெண்டி, வாளி, கிண்ணம் என்ற மூன்றோடு முடித்துவிடலாம், அது குறைவாகத் தெரியாது. வீட்டுக்குள் அதே மூன்று பொருளோடு விருந்து வைத்தால் வறுமை தெரியும். காடு அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. செலவில்லாதவர்களுக்கு இவ்வளவு சாதகமான விருந்து வகை வேறு எது? தகாவோ ஓவியத்தின் பெண்களும் தேநீர்க்காரரும் அந்த உரிமையை ஹிதேயோஷியின் பலகைக்கு முன்பே எடுத்துக்கொண்டவர்கள்.

பொருள்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பதைக் கைவினைஞர்களும் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். எடோ ஆட்சிக்காலத்தில் செய்யப்பட்ட வெளிவிருந்துப் பெட்டிகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன: மேலே ஒரே கைப்பிடி, உள்ளே அடுக்குப் பெட்டிகள், சாக்கே குடுவைகள், சிறு தட்டுகள், ஒரு கிண்ணம். அரக்கின் மேல் பொன்தூள் தூவி வரைந்த மேப்பிள் அல்லது செவ்வந்தி. அழகில் எந்தக் குறையும் வைக்காத வேலை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் அடங்காத எதற்கும் அங்கே இடமில்லை. ஒரு ஆள் ஒரு கையால் மலையேற்றித் திரும்பவும் இறக்கக்கூடியதே விருந்தின் அளவு. 19ஆம் நூற்றாண்டில் உராசென்கே தேநீர் மரபின் பதினொன்றாம் தலைவர் கென்கென்சாய், பயணப் பெட்டியிலிருந்து தேநீர் தயாரிக்கும் முறைகளைப் பருவம்தோறும் ஒன்றாக வகுத்தார்; இலையுதிர்காலத்துக்கானதற்கு நிலா என்று பெயர். 1872ஆம் ஆண்டுக் கியோட்டோ கண்காட்சிக்கு, தரையில் மண்டியிட முடியாத வெளிநாட்டு விருந்தினர்களுக்காக, மேசையும் முக்காலியும் வைத்துத் தேநீர் தரும் முறையையும் அவரே உருவாக்கினார். தேநீர் மேசைமேல் ஏறியது அப்போதுதான். இன்று காட்டுக்குள் மேசை போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உயரம் பார்வையை மாற்றுகிறது. தாழ்ந்த பெஞ்சிலோ பாயிலோ இருப்பவருக்கு மரத்தின் அடிப்பகுதியும் பாசி படர்ந்த தரையும் கண்மட்டத்தில் இருக்கும். உயர்ந்த மேசையில் அமர்ந்தவருக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் எதிராளியின் தட்டு.

சிவப்புக் கம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது என் தனிப்பட்ட குறை. பைன் தோப்பிலும் மூங்கில் தோப்பிலும் அது அற்புதமாகப் பொருந்துகிறது. கிங்கோ மரத்தடியில் இன்னும் அழகு. விழுந்த மஞ்சள் இலை ஒவ்வொன்றும் சிவப்பின் மேல் தனித்துத் தெரியும். ஆனால் மேப்பிளின் கீழ், அதுவும் உச்ச நிறத்தில் இருக்கும் மேப்பிளின் கீழ், சிவப்புக் கம்பளம் தவறு. சாயத்தின் சீரான அடர்சிவப்புக்கு முன்னால் இலையின் சிவப்பு மங்கித் தெரிகிறது. உதிர்ந்த இலை கம்பளத்தில் காணாமலே போகிறது. மரபு என்பதற்காக எல்லாக் கடையும் அதையே விரிக்கின்றன. சாம்பல் நிறத் துணியோ வெறும் மரப்பலகையோ போட்டால் மரத்துக்கு மரியாதையாக இருக்கும்.

உணவுக்கு வந்தால், கியோட்டோ சமையல்காரர்களின் கையில் இருக்கும் நுட்பம் வேறு எதிலும் இல்லை. இலையுதிர்காலத்தில் ஃபுக்கியோசே என்ற அடுக்குமுறை ஒன்று வரும். காற்று ஒரு மூலையில் சேர்த்துவைத்த சருகுகளைப்போலத் தட்டு அமைய வேண்டும். பைன் ஊசியில் கோத்த வறுத்த கிங்கோ பருப்பு, முள்ளோட்டின் வடிவத்தில் பொரித்த செஸ்ட்நட், கிங்கோ இலையாக வெட்டிய சர்க்கரைவள்ளி, மேப்பிள் இலையாக வெட்டிய கேரட், சிறு காளான்கள். எல்லாம் சிதறிக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் எதுவும் தற்செயலாக அங்கே இல்லை. அக்டோபர் மாதத் தேநீருக்கு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. நவம்பரில்தான் அந்த ஆண்டின் புதுத் தேயிலை ஜாடியைத் திறப்பார்கள். அதற்கு முந்தைய மாதம் பழைய ஜாடியின் அடியில் எஞ்சிய தூளை முடிக்கும் மாதம். அதற்கேற்ப ஒட்டுப்போட்ட கிண்ணங்களையும் தேய்ந்த பாத்திரங்களையும் வேண்டுமென்றே எடுத்து வைப்பார்கள். காட்டுப் பந்திக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. கீறல் விழுந்தால் வருந்தத் தேவையில்லை என்ற நடைமுறை வசதி ஒரு பக்கம். முடிந்துகொண்டிருக்கும் பருவத்தின் கீழே புத்தம்புது பளபளப்பு துருத்திக்கொண்டு நிற்காது என்பது மறுபக்கம்.

ஆனால் இந்த அழகைக் காட்டிலிருந்து நேரடியாகப் பறித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானியக் காடுகளில் முதலில் சிவப்பவற்றிலும் மிகச் செக்கச்சிவந்து போகிறவற்றிலும் அரக்கு மரக் குடும்பத்தின் செடிகொடிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் தோல் கொப்புளிக்கும். மேசையில் வைத்திருக்கும் அரக்குக் கிண்ணத்தின் பூச்சு அந்தக் குடும்பத்து மரத்தின் பாலில்தான் செய்யப்படுகிறது. பல அடுக்கு பூசி, ஈரப்பதமான அறையில் இறுகவைத்த பிறகுதான் அது தீங்கில்லாததாகிறது. கிங்கோ பழத்தின் சதையும் நாறும், தோலை அரிக்கும். பருப்பு வறுபட்டு வருவதற்கு முன் ஒருவர் கையுறை போட்டு அதைக் கழுவியிருக்கிறார். 2008ஆம் ஆண்டு ஜப்பானில் ஓர் உணவகம் தட்டில் அலங்காரமாக வைத்த ஹைட்ரேஞ்சியா இலையை வாடிக்கையாளர்கள் தின்று உடல்நலம் கெட்ட சம்பவமும் நடந்தது. நம் வாழையிலையைப்போல எந்த அச்சமும் இல்லாமல் உணவைத் தாங்கும் இலை எல்லாக் காட்டிலும் கிடைத்துவிடாது. இலையை அறிந்தவர்தான் இலையைப் பரிமாற வேண்டும்.

அறிந்தவர்கள் இருக்கும் ஊர்கள் இரண்டு. மினோ முதலாவது. ஒசாகாவின் உமேதாவிலிருந்து ரயிலில் அரை மணி. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் குறைவான நடையில் 33 மீட்டர் உயர அருவி. அந்த வழியெங்கும் மேப்பிள் இலையையே மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். இலைகளைப் பறித்துச் சுமார் ஓராண்டு உப்பில் ஊறவைத்து, பிறகு இனிப்பு மாவில் முக்கி எண்ணெயில் இடுகிறார்கள். சுவை முழுக்க மாவுடையதுதான். இலை வடிவத்தை மட்டும் தருகிறது. வழியோரக் காட்டில் பறித்தவை அல்ல அந்த இலைகள். இதற்கென்றே வளர்க்கும் மரங்களிலிருந்து வருபவை.

இரண்டாவது ஊர் கமிகாட்சு, தொகுஷிமா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை 1,500க்கும் குறைவு. அவர்களில் முதியவர்களே அதிகம். 1981இல் கடுங்குளிரில் ஊரின் மிக்கான் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போய், வாழ்வாதாரமே போனது. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யோகோயிஷி தொமோஜி, ஒசாகா உணவகம் ஒன்றில் தட்டோரம் இருந்த மேப்பிள் இலையை ஓர் இளம்பெண் ரசித்துக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனதைப் பார்த்து, தம் மலைகளில் இலைக்குப் பஞ்சமில்லையே என்று யோசித்தார். 1986இல் இரோதோரி என்ற பெயரில் இலை வியாபாரம் தொடங்கியது. இன்று 300க்கும் மேற்பட்ட வகை இலைகளும் கிளைகளும் பூக்களும் அங்கிருந்து நாடெங்கும் உணவகங்களுக்குப் போகின்றன. மூதாட்டிகள் கணினியிலும் டேப்லெட்டிலும் அன்றைய தேவையைப் பார்த்து, தோட்டத்துக்குப் போய்ப் பறித்து, கழுவி, அளவும் நிறமும் பிசகாமல் அடுக்கி அனுப்புகிறார்கள். கியோட்டோ சமையல்காரருக்கு வேண்டியது வெறும் சிவப்பு இலை அல்ல. அந்தத் தட்டின் விட்டத்துக்குள் அடங்கும், பூச்சி தின்னாத, பச்சையிலிருந்து சிவப்புக்குப் பாதி வழியில் இருக்கும் இலை. அதைக் கண்ணால் அளந்து எடுக்கும் திறமை வாழ்நாள் முழுக்க மலைச்சரிவில் வேலை செய்த கைகளுக்கு இருந்தது. நான் பெரிதும் மதிக்கும் தொழில் இது. அலங்காரம் என்று நகரம் அலட்சியமாகச் சொல்லும் ஒன்று, ஒரு மலைக்கிராமத்தின் முதியவர்களுக்கு வருமானமும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் ஆகியிருக்கிறது.

இங்கே மூன்றாவது மறுப்பு, மூன்றிலும் வலுவானது. வளர்த்து, அளந்து, பெட்டியில் அடைத்து, லாரியில் அனுப்பிய இலை எப்படிக் காட்டின் அலங்காரம் ஆகும்? அது பூக்கடைச் சரக்குதானே? சரக்குதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் இதற்கு மாற்று என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நவம்பரில் கியோட்டோவுக்கு வரும் கூட்டம் முழுவதும் தத்தம் தட்டுக்கு ஓர் இலையைக் கிளையிலிருந்து ஒடித்தால் தகாவோவில் எதுவும் மிஞ்சாது. ஜப்பானின் இயற்கைப் பூங்காச் சட்டம், 1957ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளில் உதிர்ந்த இலையையும் விழுந்த சுள்ளியையும்கூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது. நெருப்பு மூட்டவும் அனுமதி வேண்டும். சருகு மக்கி மண்ணாகிறது, அதில் பூச்சியும் காளானும் வாழ்கின்றன என்பது அந்த விதியின் பின்னால் இருக்கும் காரணம். தகாகுராவின் பணியாட்கள் இன்று அத்தகைய இடத்தில் சாக்கே சூடாக்கினால் அது குற்றம். அப்படிப்பட்ட இடங்களில் பந்தியே வேண்டாம் என்பது என் கருத்து; தெர்மாஸில் கொண்டுபோன தேநீர் போதும். பந்திக்கு உரிய இடம் மனிதர்கள் நூற்றாண்டுகளாகப் பராமரித்துவரும் கோயில் தோப்பும், ஊர் விளிம்புக் காடும், ஆற்றங்கரையும். தகாவோவின் மேப்பிள்களும் மனிதர் பேணியவையே. அங்கே உணவுக்குள் வைக்கும் இலை கமிகாட்சுவிலிருந்து வந்ததாக இருந்தால், தலைக்குமேல் இருக்கும் கிளை தப்பித்தது. அந்த ஊர் 2003இல் ஜப்பானிலேயே முதலாவதாகக் குப்பையில்லா ஊராகப் போவதாக அறிவித்து, கழிவை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்து வருகிறது என்பதும் இதோடு சேர்த்து நினைக்கத் தக்கது. அவர்கள் விற்கும் அலங்காரம் எரிந்தால் சாம்பல், புதைந்தால் மண். கடைவீதிகளில் ஆண்டு முழுவதும் தொங்கும் பிளாஸ்டிக் மேப்பிள் கிளைகளை அப்படிச் சொல்ல முடியாது. அவற்றைக் காட்டுப் பந்திக்குக் கொண்டுபோகிறவர்களை எந்த வாதத்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆக, பெட்டியின் ஓரத்து ஓர் இலைக்கு வேலை இருக்கிறது. மரத்தில் இலை கூட்டமாகத் தெரியும். பெட்டியில் அதன் நரம்பும் பல்வெட்டும் பாதி பச்சையும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நிமிர்கிறவர் கிளையில் இருப்பவற்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்குகிறார். இரண்டு இலை வைத்தால் இந்தப் பயன் அதிகமாகாது. பத்து வைத்தால் போய்விடும். பூசணி, மெழுகுவர்த்தி, சரிகைத் துணி என்று மேசையை நிரப்பினால் சாப்பிடுகிறவர் மேசையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவார், காய்ந்த சருகின் நடுவே எரியும் மெழுகுவர்த்தி ஆபத்தும்கூட.

போக விரும்புகிறவர்கள் நாளைச் சரியாகப் பார்க்க வேண்டும். தகாவோ மலையில் இருப்பதால் நகரத்துக்கு முன்பே, நவம்பர் நடுவில், உச்ச நிறத்துக்கு வரும்; கித்தானோவின் கரையோரத்து 350 மேப்பிள்கள் அதற்கு ஒன்றிரண்டு வாரம் பின்னால். நவம்பர் கடைசியில் கியோட்டோவில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். ஆகவே விருந்தைப் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குப் பறக்காத கனமான கிண்ணம், குளிருக்குச் சூடு தங்கும் ஒடுங்கிய வாய், மடியில் ஒரு கம்பளி, ஒரு கையில் அடங்கும் பெட்டி. ஜப்பானில் வழியில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது. கொண்டுபோன அனைத்தையும் திரும்பச் சுமந்துவர இன்னொரு பை அவசியம்.